ஒட்டும் ஸ்லைம், உடையும் ஸ்லைம்: டீச்சரின் பதில்கள்

விஷு முடிந்து விடுமுறை நடந்துகொண்டிருக்கிறது. கொழிஞ்சாம்பாறையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பெற்றோர்கள் அனுப்பிய கேள்விகள் என் மேசையில் குவிந்துவிட்டன. எல்லாமே பிள்ளைகள் வீட்டில் செய்யும் ஸ்லைம், அதாவது கையில் பிசைந்து இழுத்து விளையாடும் கொழகொழப்பான பசை உருண்டை, பற்றியவை. அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். அரை கப் வெள்ளைப் பசை, அதாவது ஃபெவிகால் என்று நாம் பொதுவாகச் சொல்லும் வகை, அதே அளவு தண்ணீர், பிடித்த நிறம். வேறொரு பாத்திரத்தில் ஒரு கப் வெந்நீரில் தலைதட்டிய ஒரு தேக்கரண்டி வெங்காரத்தை (போராக்ஸ்) கரைத்து ஆறவிட்டு, பசையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். வெங்காரத்தைக் கரைப்பது பெரியவர்கள் வேலை. கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த அளவை வைத்துத்தான்.

வேலந்தாவளத்திலிருந்து ஒரு தாய்: கையை விட்டு வரவே மாட்டேன் என்கிறது, டீச்சர். வெங்காரத் தண்ணீர் முழுவதையும் ஊற்றிவிடட்டுமா?

வேண்டாம் அம்மா. இந்த அவசரத்தில்தான் பாதி ஸ்லைம் கெடுகிறது. வெள்ளைப் பசைக்குள் இருப்பவை மிக நீளமான மூலக்கூறுகள். ஒன்றோடொன்று கட்டப்படாமல் வழுக்கிக்கொண்டு கிடப்பதால் பசை ஓடுகிறது. வெங்காரம் நீரில் கரையும்போது போரேட் என்ற சிறு துகள் உண்டாகிறது. அது இரண்டு நீள மூலக்கூறுகளை ஆங்காங்கே பிடித்துக் கட்டுகிறது. கட்டு போதாவிட்டால் ஒட்டும், மிஞ்சினால் உடையும்.

ஊற்றிய நொடியில் எல்லா இடத்திலும் கட்டு விழுந்துவிடாது. வெங்காரத் தண்ணீர் பட்ட இடம் உடனே கெட்டியாகும். உள்ளே பசை பசையாகவே இருக்கும். மேலே கட்டி, உள்ளே பிசின் என்ற அந்தக் கோலத்தைப் பார்த்துத்தான் பலர் பயந்துபோய் இன்னும் ஊற்றுகிறார்கள். ஒவ்வொரு மேசைக்கரண்டியாக விடுங்கள், ஒவ்வொரு முறையும் கரண்டியால் கிளறுங்கள். பாத்திரத்தின் ஓரத்தை விட்டுப் பிரிந்து வரும்போது கையில் எடுத்து மூன்று நான்கு நிமிடம் பிசையுங்கள். முதல் நிமிடம் விரலிடுக்கெல்லாம் அப்பிக்கொள்ளும். விடாமல் பிசைந்தால் அதுவே விரலைத் துடைத்துக்கொண்டு உருண்டையில் சேர்ந்துவிடும். அப்போதும் ஒட்டினால் இன்னும் அரைக் கரண்டி போதும். உள்ளங்கையில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை, இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: வெங்காரத்தைத் தூளாக ஸ்லைமில் தூவாதீர்கள். கரையாத படிகம் நறநறவென்று நிற்கும், பிள்ளையின் தோலை அரிக்கும்.

வண்ணாமடையிலிருந்து ஒரு தகப்பன்: ரப்பர் போல ஆகிவிட்டது. இழுத்தால் பட்டென்று அறுகிறது. தூக்கி எறிய வேண்டியதுதானா?

எறிய வேண்டாம் தம்பி. கைபொறுக்கும் வெந்நீரில் இரண்டு நிமிடம் போட்டுவைத்துப் பிசையுங்கள். நீர் உள்ளே இறங்க இறங்க இளகும். போதாவிட்டால் ஒரு கரண்டி பசையில் ஒரு கரண்டி தண்ணீர் கலந்து அதையும் சேர்த்துப் பிசையுங்கள். கடைசி வழி எலுமிச்சைச் சாறு, இரண்டே சொட்டு. அமிலம் பட்டால் போரேட்டின் கட்டு அவிழும். ஒரு கரண்டி பிழிந்தீர்களானால் மொத்தமும் கஞ்சியாகிவிடும்.

முதலமடையிலிருந்து: ஸ்லைம் ஒட்டுகிறது. என்ன செய்வது?

முதல் பதிலைப் பாருங்கள்.

எருத்தேன்பதியிலிருந்து ஒரு பாட்டி: கடை நிறம் வேண்டாம் என்று பேத்திக்கு மஞ்சள் தூள் போட்டுக் கொடுத்தேன். கரைசலை ஊற்றியதும் இரத்தச் சிவப்பாகிவிட்டது. குழந்தை பயந்துவிட்டாள். பசையில் ஏதும் விஷமா?

விஷம் இல்லை அம்மா. இத்தனை கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் கரைக்கும்போது நீர் சிவக்கிறதல்லவா? அதே காரணம்தான் இங்கேயும். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள் காரத்தைச் சந்தித்தால் சிவக்கும். சுண்ணாம்பு காரம், வெங்காரக் கரைசலும் காரம்தான், அமிலமா காரமா என்று காட்டும் pH அளவில் அது 9ஐ ஒட்டி இருக்கும். குங்குமமும் இப்படி மஞ்சளைக் காரத்தோடு சேர்த்து உண்டாக்குவதுதான்.

பேத்தியின் பயத்தைப் போக்க ஒன்று செய்யுங்கள். சிவந்த ஸ்லைமில் சிறு துண்டு கிள்ளி ஒரு தட்டில் வைத்து, அவள் கையாலேயே எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள். சொட்டு விழுந்த இடம் மஞ்சளாகத் திரும்பும். கொஞ்ச நேரத்தில் அந்த இடமே இளகி ஓடவும் தொடங்கும். நிறம் மாறுவதும் கட்டு அவிழ்வதும் ஒரே அமிலத்தின் வேலை. மேல் வகுப்பில் படிக்கப்போகும் அமிலம், காரம் பாடத்தை இப்போதே கண்ணால் பார்த்துவிடுவாள். துணியில் பட்டால் மட்டும் கறை போகாது, பழைய சட்டை போட்டுவிடுங்கள்.

கோவிந்தாபுரத்திலிருந்து: கடையில் வாங்கிய வெள்ளைக் கட்டியைப் பொடித்துக் கரைத்து ஊற்றினேன். எவ்வளவு ஊற்றினாலும் பசை கெட்டியாகவே இல்லை.

நீங்கள் வாங்கியது படிகாரமாகத்தான் இருக்கும். சவரம் செய்த முகத்தில் தேய்ப்பார்களே, அது. அதன் கரைசல் அமிலத்தன்மை உள்ளது, போரேட் உண்டாகத் தேவையான போரான் என்ற தனிமமும் அதில் கிடையாது. நம் பக்கத்துக் கடைகளில் மலையாளத்திலும் தமிழிலும் மாறி மாறிப் பேசி வாங்குவதால் இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது. வெறுமனே காரம் என்று கேட்காதீர்கள். மலையாளத்தில் சீனக்காரம் என்றால் படிகாரம், அப்பக்காரம் என்றால் ஆப்ப சோடா. உங்களுக்கு வேண்டியது பொன்காரம், நம் வெங்காரம். வாங்கியதும் ஒரு துளி கரைசலை மஞ்சள் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். சிவக்காவிட்டால் அது வெங்காரம் இல்லை.

பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து ஒரு நகைத் தொழிலாளி: டீச்சர், நாங்கள் தலைமுறை தலைமுறையாக வெங்காரத்தை வெறுங்கையால் எடுத்துத்தான் நகை பற்றவைக்கிறோம். சித்த வைத்தியத்தில் பொரித்து மருந்தாகவே கொடுக்கிறார்கள். நீங்கள் ஏன் இப்படிப் பயமுறுத்துகிறீர்கள்?

மீனாட்சிபுரத்திலிருந்து ஒரு தாய்: நான் நேர் எதிராகக் கேட்கிறேன். அந்த விஷத்தை ஏன் பிள்ளைகள் கையில் கொடுக்கச் சொல்கிறீர்கள்? இயற்கைப் பிசினிலேயே ஸ்லைம் விற்கிறார்களே?

இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். இதே விஷயத்தில் சண்டை பிடித்து இன்னும் பல கடிதங்கள் வந்திருக்கின்றன.

ஆசாரி அண்ணா, உங்கள் கை பெரியவரின் கை. பட்டறையில் வெங்காரம் தொட்ட விரலை நீங்கள் வாயில் வைப்பதில்லை. நான்கு வயதுப் பிள்ளை வைக்கும். பற்றவைப்பில் நீங்கள் தொடுவது சிட்டிகை அளவு. பிள்ளை ஸ்லைமை மணிக்கணக்கில் பிசைகிறது. மருந்து என்கிறீர்கள். சித்த மருத்துவர் சுத்தி செய்து, அளவு பார்த்து, ஆளைப் பார்த்துக் கொடுக்கிறார். அவர் கொடுக்கிறார் என்பதால் யாரும் கடைப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்பதில்லை. உணவில் சேர்க்க வெங்காரத்துக்கு நம் நாட்டில் அனுமதி கிடையாது. ஐரோப்பிய ஒன்றியம் போரிக் அமிலத்தையும் வெங்காரத்தையும் இனப்பெருக்கத்துக்குத் தீங்கு செய்யக்கூடியவை என்று வகைப்படுத்தியிருக்கிறது.

மீனாட்சிபுரம் அம்மா, உங்கள் அக்கறை சரி. இயற்கைப் பிசின் என்றால் வெங்காரம் இல்லை என்று நீங்கள் முடிவு கட்டுவது சரியில்லை. மேட்டல் நிறுவனம் 1976இல் ஸ்லைம் என்ற பெயரிலேயே விற்ற விளையாட்டுப் பொருள் குவார் பிசினில் செய்தது. குவார் என்பது நம் கொத்தவரைதான், பிசின் அதன் விதையிலிருந்து வருகிறது. அந்தப் பிசினையும் வெங்காரம் போட்டுத்தான் கெட்டியாக்கினார்கள். கண்ணில் போடும் கான்டாக்ட் லென்ஸ் கரைசலை வைத்து “வெங்காரம் இல்லாத ஸ்லைம்” என்று செய்கிறார்களே, அதில் கெட்டியாக்குவதும் அந்தக் கரைசலில் உள்ள போரிக் அமிலமோ போரேட்டோதான்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். ஒரு கப் நீரில் சுமார் 4 கிராம் வெங்காரம். நான்கு மேசைக்கரண்டி, அதாவது 60 மில்லி சேர்த்தால் சுமார் 1 கிராம் உள்ளே போகிறது. வெங்காரத்தின் எடையில் போரான் 11 சதவீதம். ஆக 110 மில்லிகிராம் போரான். ஸ்லைமின் மொத்த எடை 300 கிராம் என்றால் கிலோவுக்கு 370 மில்லிகிராம் அளவில் வருகிறது. ஐரோப்பாவின் 2009ஆம் ஆண்டுப் பொம்மைப் பாதுகாப்பு விதி, ஒட்டும் வகைப் பொருளிலிருந்து வெளியேறும் போரானுக்கு வைத்த எல்லை கிலோவுக்கு 300 மில்லிகிராம். உள்ளே இருப்பது முழுவதும் வெளியேறிவிடாது. என்றாலும் சரியான அளவில் செய்த ஸ்லைமே எல்லைக்கோட்டின் அருகில் நிற்கிறது. கண்ணளவாக அள்ளிப் போட்டுக் கரைத்தால் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதனால் என் நிலை இது. ஆறு வயதுக்கு மேல், பெரியவர் பக்கத்தில் இருக்க, அளந்து செய்த ஸ்லைம், அரை மணி நேரம், பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவல். கையில் வெட்டுக்காயமோ சிரங்கோ இருந்தால் தொடவே கூடாது.

சித்தூரிலிருந்து அதே அண்ணா, மறுபடி: அப்படியானால் போரிக் அமிலம் உள்ள கேரம் பவுடரையும் தடை செய்ய வேண்டுமே?

கேரம் விளையாடிவிட்டுக் கைகழுவாமல் பலகாரம் எடுக்கும் பிள்ளையை நானும் கண்டிக்கிறேன், அண்ணா. நீங்கள் சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. கேரம் பவுடரில் ஸ்லைம் வரவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். டப்பாவில் போரிக் என்று எழுதியிருந்தால் மட்டும் அது உதவும். அப்போதும் தனியாக வேலை செய்யாது, ஏனென்றால் அது அமிலம். கால் தேக்கரண்டி ஆப்ப சோடாவைப் பசையில் கலந்துகொண்டால்தான் போரேட்டாக மாறிக் கட்டும். எச்சரிக்கைகள் எல்லாம் இதற்கும் பொருந்தும்.

வாளையாரிலிருந்து: இரண்டு வயதுக் குழந்தை அண்ணனைப் பார்த்து அழுகிறது. அதற்கு என்ன கொடுப்பது?

வெங்காரம் கலந்த எதையும் கொடுக்காதீர்கள். மருந்துக் கடையில் இசப்கோல் கிடைக்கும். ஒரு தேக்கரண்டியை ஒரு கப் தண்ணீரில் கலந்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். கொழகொழவென்று திரண்டு கரண்டியோடு எழும்பி வரும்போது இறக்கி நன்றாக ஆறவிடுங்கள். இன்னும் சிறிது நேரம் காய்ச்சினால் பதம் இறுகும். வெங்கார ஸ்லைம் போல நீளாது, ஆனால் குழந்தைக்கு அந்த வழுவழுப்பே போதும். பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். உலர்ந்த தூள் மட்டும் குழந்தைக்கு எட்டக் கூடாது, தொண்டையில் ஊறி அடைத்துக்கொள்ளும். மிச்சத்தை மறுநாளே கொட்டிவிடுங்கள், பூஞ்சை பிடிக்கும்.

வடகரப்பதியிலிருந்து: மார்கழியில் செய்தது இரண்டே நாளில் காய்ந்து தோல் போல ஆனது. இப்போது சித்திரையில் செய்தது கூழாக ஓடுகிறது. அளவு ஒன்றுதான்.

கேள்வியை நன்றாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் வறண்ட கிழக்குக் காற்று ஸ்லைமின் நீரை உறிஞ்சிவிடும். அப்போது இறுக்கமான மூடியுள்ள டப்பா வேண்டும். காய்ந்தால் வெந்நீர் தெளித்துப் பிசையலாம். இப்போதைய வெயிலில் நடப்பது வேறு. சூடு ஏறினால் போரேட்டின் கட்டுகள் தளரும். கூடுதலாக வெங்காரம் ஊற்றாதீர்கள், குளிர்ந்ததும் ரப்பராகிவிடும். டப்பாவோடு பத்து நிமிடம் குளிர்பெட்டியில் வையுங்கள். சாப்பாட்டுப் பாத்திரத்தில் வைக்கக் கூடாது, டப்பாவின் மேல் எழுதி ஒட்டுங்கள்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து: பி.வி.சி. குழாய் ஒட்டும் பசையில் செய்யலாமா?

கூடாது. அதன் ஆவியே குழந்தைக்குக் கெடுதல்.

மீனாட்சிபுரத்திலிருந்து: சலவைத் தூள் கரைசலில் செய்யலாம் என்கிறார்களே?

போரேட் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத தூளைப் பிள்ளை கையில் பிசையக் கொடுக்காதீர்கள்.

வேலந்தாவளத்திலிருந்து: ஸ்லைம் கையில் ஒட்டுகிறது, தீர்வு சொல்லவும்.

முதல் பதில் இதற்காகத்தான் அவ்வளவு நீளமாக எழுதினேன். பிசையுங்கள். ஊற்றாதீர்கள், பிசையுங்கள்.

முதலமடையிலிருந்து: மகளின் பின்னலில் அப்பிக்கொண்டது. முடியை வெட்டச் சொல்கிறார் மாமியார்.

கத்தரிக்கோலை உள்ளே வையுங்கள் அம்மா. வினிகரில் பாதி தண்ணீர் கலந்து, கண்ணில் படாமல் அந்த இடத்தை நனைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். கட்டு அவிழ்ந்து வழுவழுப்பாகும். பிறகு தேங்காய் எண்ணெய் தடவி நுனியிலிருந்து மேல்நோக்கிச் சீப்பால் வாருங்கள். துணிக்கும் இதே வினிகர்தான், பசை காய்வதற்குள் செய்ய வேண்டும்.

வண்ணாமடையிலிருந்து: விளையாடிய பிறகு விரல்கள் சிவந்து தோல் உரிகிறது. என்ன தடவலாம்?

ஸ்லைமை இன்றே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். இதற்கு நான் மருந்து சொல்லக் கூடாது. வெங்காரத்தை விழுங்கிவிட்டாலும் அப்படித்தான்: வாயைக் கொப்பளிக்கச் செய்து, பொட்டலத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

எருத்தேன்பதியிலிருந்து ஐந்தாம் வகுப்பு மாணவி: டீச்சர், மெதுவாக இழுத்தால் நீளமாக வருகிறது. வெடுக்கென்று இழுத்தால் ஏன் உடைகிறது?

கண்ணு, போரேட் போட்ட கட்டு நிரந்தரமானது இல்லை. ஓயாமல் அவிழ்ந்து, பக்கத்தில் இன்னொரு இடத்தில் மறுபடி கட்டிக்கொண்டே இருக்கும். நீ மெதுவாக இழுத்தால் அதற்கு இடம் மாறிக் கட்ட நேரம் கிடைக்கிறது, அதனால் நீள்கிறது. வெடுக்கென்று இழுத்தால் நேரம் இல்லை, அறுந்துவிடுகிறது. ஓர் உருண்டையை மேசை ஓரத்தில் பாதி தொங்கும்படி வைத்து, அது தரையைத் தொட எவ்வளவு நேரம் ஆகிறது என்று எழுதிக்கொள். அதே உருண்டையைப் பத்து நிமிடம் குளிர்பெட்டியில் வைத்து எடுத்து மறுபடி செய். பிறகு வெந்நீர்ப் பாத்திரத்தின் வெளிப்பக்கத்தில் ஒட்டிச் சூடாக்கி, அம்மா பக்கத்தில் இருக்கும்போது, மூன்றாம் முறை செய். மூன்று நேரங்களையும் எனக்கு அனுப்பு. கையைக் கழுவிவிட்டு எழுது.