ஜார்ஜ் ஹபாஷ்: கேள்வி பதில்

பாலஸ்தீன விடுதலை மக்கள் முன்னணியின் நிறுவனர் ஜார்ஜ் ஹபாஷ் (1926–2008) பற்றி மட்டும் கேளுங்கள். இன்றைய காசா நிலவரம் இங்கே வேண்டாம்.

குமரன்: டாக்டருக்குப் படித்தவர் ஆயுதக் குழுவுக்குத் தலைவரானது எப்படி?

துப்பாக்கி கடைசியில்தான் வருகிறது, குமரன். அதற்கு முன் ஏறக்குறைய பதினைந்து வருடக் கட்சி வேலை. பிறந்த ஊர் பாலஸ்தீனத்தின் லித்தா. 1948 ஜூலையில் இஸ்ரேல் படை ஊரைப் பிடித்தபோது பெய்ரூத்திலிருந்து திரும்பி வந்து மருத்துவ உதவி செய்துகொண்டிருந்தார். பல்லாயிரம் பேரோடு அவரும் வெளியேற்றப்பட்டார். 1951இல் பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம். அங்கே சேர்ந்த மாணவர் வட்டம்தான் அரபு தேசியவாதிகள் இயக்கமாக வளர்ந்தது. வாதி ஹத்தாத், குவைத்தின் அகமது அல்-கதீப் எல்லாம் அந்த வட்டத்து ஆட்கள். பிறகு அம்மானில் ஹத்தாதோடு சேர்ந்து ஏழைகளுக்கு இலவச மருத்துவமனை. 1957இல் ஜோர்டான் அரசு எதிர்க்கட்சிகளை ஒடுக்கியதும் தலைமறைவானார்; பிறகு டமாஸ்கஸ் போனார். நம்பிக்கையெல்லாம் எகிப்து அதிபர் நாசர் மேல். 1967 போரில் நாசர் இஸ்ரேலிடம் தோற்றதும் அது போயிற்று. அந்த டிசம்பரிலேயே மக்கள் முன்னணி; கூடவே மார்க்சியம்.

ஷாஜி: ஹமாஸைத் தொடங்கியவர் இவர்தானே?

இல்லை. அந்த இஸ்லாமிய இயக்கத்தை 1987இல் தொடங்கியவர் ஷேக் அகமது யாசின். இவர் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் குடும்பத்தில் பிறந்த கிறித்தவர்.

மதுரைக்காரன்: என்டபி கடத்தலுக்கு உத்தரவிட்டவர் இவர்தானே?

1976இல் பயணிகள் விமானத்தை உகாண்டாவின் என்டபிக்குக் கடத்தியது ஹத்தாதின் தனிக் குழு. அதற்குள் அவர் ஹபாஷை விட்டுப் பிரிந்துவிட்டார்.

மதுரைக்காரன்: எல்லாப் பழியையும் ஹத்தாத் தலையில் கட்டுகிறீர்களே?

கட்டவில்லை. 1968 ஜூலையில் முன்னணியின் முதல் கடத்தல், இஸ்ரேலின் எல் அல் விமானம் அல்ஜியர்ஸ் போனது. ஹபாஷ் அப்போது சிரியச் சிறையில். 1970 செப்டம்பரில் மூன்று விமானங்களை ஜோர்டான் பாலைவனத்தில் இறக்கி வெடிவைத்தபோது அவர் வட கொரியாவில். இதையெல்லாம் காட்டி "அவருக்குத் தெரியாது" என்பவர்கள் உண்டு. நான் ஏற்கவில்லை. ஹத்தாத் அன்று முன்னணியின் வெளிநாட்டு நடவடிக்கைப் பொறுப்பாளர், ஹபாஷ் பொதுச்செயலாளர். செய்திகளில் வந்த பெயரும் புகழும் முன்னணிக்குத்தான் போயின. 1972 மே 30 அன்று லோத் விமான நிலையத்தில் 26 பேரை ஜப்பானிய செம்படை என்ற இடதுசாரி ஆயுதக் குழுவினர் சுட்டுக் கொன்றார்கள். பொறுப்பேற்றது மக்கள் முன்னணி. லோத் என்பது அவருடைய லித்தாவேதான்.

செல்வி: ஹமாஸ் தலைவராக எத்தனை வருடம் இருந்தார்?

மேலே ஷாஜிக்குச் சொன்னதைப் படிக்கவும்.

இளங்கோ: சிரியாவோடு நெருக்கமாக இருந்ததும் இதே முன்னணிதானே?

ஒவ்வொரு முறையும் இந்தக் குழப்பம்! நீங்கள் சொல்வது "பொதுத் தலைமை" என்ற ஒட்டுப்பெயரோடு 1968இல் அகமது ஜிப்ரீல் பிரித்துக்கொண்டு போன குழு. 1969இல் நயீப் ஹவாத்மே பிரித்தது ஜனநாயக முன்னணி. செய்தி படிக்கும்போது ஒட்டுப்பெயரையும் சேர்த்துப் படியுங்கள்.

தமிழ்ச்செல்வன்: இஸ்ரேல் அவரைப் பிடிக்க முயன்றதா?

1973 ஆகஸ்டில், பெய்ரூத்திலிருந்து கிளம்பிய பயணிகள் விமானத்தில் அவர் இருப்பதாக நினைத்துப் போர் விமானங்களை அனுப்பித் தன் மண்ணில் இறக்கியது. அவர் அதில் ஏறவே இல்லை.

கனிமொழி: ஹமாஸ்…

போதும், அடுத்த கேள்வி.

ரவி: அவருக்குப் பிறகு யார்?

1980இல் மூளை ரத்தக்கசிவு. அதிலிருந்தே உடல் ஒத்துழைக்கவில்லை. 2000இல் பதவி விலகினார். அடுத்து வந்த அபு அலி முஸ்தபாவை 2001 ஆகஸ்டில் இஸ்ரேல் ஏவுகணை ரமல்லாவில் கொன்றது. அக்டோபரில் இஸ்ரேல் அமைச்சர் ரெகவாம் ஜீவியை முன்னணியினர் சுட்டுக் கொன்றார்கள். முஸ்தபாவுக்குப் பின் பொதுச்செயலாளரான அகமது சாதாத்துக்கு 2008இல் இஸ்ரேல் ராணுவ நீதிமன்றம் 30 ஆண்டு சிறை விதித்தது.