பைபிள் சொல்லும் தாவீதும் அவர் மகன் சாலொமோனும் உண்மையில் ஆண்ட அரசர்களா? தொல்லியல் சான்று உண்டா?

தாவீது வாழ்ந்தவர்தான் என்பது என் முடிவு. ஆனால் எருசலேமிலிருந்து ஐபிராத்து (யூப்ரடீஸ்) நதிவரை ஆண்ட பேரரசர் தாவீதுக்கு மண்ணுக்கடியிலிருந்து எந்தச் சான்றும் வரவில்லை. இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். இவற்றை ஒன்றாக்கிவிடுவதால்தான் இந்த விவாதம் எப்போதும் சண்டையில் முடிகிறது.

1993இல் இஸ்ரேலின் வடகோடியில் தேல் தாண் என்ற மேட்டில், அவ்ராகாம் பிரான் தலைமையில் அகழாய்வு நடந்தது. அங்கே ஒரு சுவரில் கட்டுமானக் கல்லோடு கல்லாகக் கிடந்தது எழுத்துப் பொறித்த ஒரு கருங்கல் துண்டு. அடுத்த ஆண்டு மேலும் இரு துண்டுகள் கிடைத்தன. மொழி அரமேயம், காலம் கி.மு. 9ஆம் நூற்றாண்டு. பொறிக்கச் சொன்னவன் பெரும்பாலும் தமஸ்குவின் மன்னன் ஆசகேல். இஸ்ரவேலின் அரசனையும் 'தாவீதின் வீட்டு' அரசனையும் கொன்றதாகப் பெருமை பேசுகிறான். தாவீதின் வம்சம் ஆண்ட தெற்கு நாடான யூதாவைப் புகழ எந்தத் தேவையும் இல்லாத எதிரி அவன். அவனே அந்த வம்சத்தைத் தாவீதின் பெயரால்தான் அறிந்திருக்கிறான். தாவீதின் காலத்துக்குப் பின் ஒன்றரை நூற்றாண்டுக்குள் எழுதப்பட்டது இது. 'தாவீதின் வீடு' என்ற அந்தச் சொல் ஒரு ஊர்ப்பெயர் என்று சிலர் வாதாடினார்கள். பக்கத்திலேயே 'இஸ்ரவேலின் அரசன்' வரும்போது அந்த வாசிப்பு எனக்குப் பொருந்தவில்லை. அரசர்களின் பெயர்கள் பாதி சிதைந்திருக்கின்றன. இஸ்ரவேலின் யோராம், யூதாவின் அகசியா என்று நிரப்புவது சரியென்றால், பைபிளோ அவர்களைக் கொன்றவன் இஸ்ரவேலின் அரியணையைப் பிடித்த யெகூ என்கிறது. இந்த முரணையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

பிந்தைய அரசர்களுக்குக் கல்லில் சான்று உண்டு. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது வடநாடான இஸ்ரவேலை ஆண்ட உம்ரியின் கதை. பைபிளின் இராஜாக்களின் புத்தகம் அவனைச் சில வசனங்களில் பொல்லாதவன் என்று முடித்துவிடுகிறது. கல்லோ அவனை மறக்கவேயில்லை. 1868இல் ஜோர்தானின் தீபானில் கிடைத்து இப்போது லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் மோவாபிய மன்னன் மேசாவின் கல்வெட்டு, உம்ரி தன் நாட்டை நெடுங்காலம் ஒடுக்கியதாகப் புலம்புகிறது. கி.மு. 853இல் கர்கார் போரில் அவன் மகன் ஆகாப் 2,000 தேர்களோடும் 10,000 வீரர்களோடும் நின்றான் என்கிறது அசீரிய மன்னன் மூன்றாம் சல்மனேசரின் கல்வெட்டு. உம்ரியின் வம்சத்தையே அழித்த யெகூவைக்கூட அசீரியர்கள் 'உம்ரியின் மகன்' என்றே குறித்தார்கள்.

யூதாவின் அரசன் எசேக்கியா காலத்துக்கு வந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. கி.மு. 701இல் அவனைக் கூண்டுப் பறவைபோல் எருசலேமில் அடைத்து வைத்ததாக அசீரிய மன்னன் சனகெரிப்பே எழுதி வைத்திருக்கிறான்.

சாலொமோன்தான் சிக்கல். சமகாலக் கல்வெட்டு எதிலும் அவர் பெயர் இல்லை. ஆத்சோர், மெகிதோ, கேசேர் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே அமைப்பில் இருந்த ஆறு அறைகள் கொண்ட நகர வாசல்களைத் தொல்லியலாளர் இகாயேல் யாதின் சாலொமோன் கட்டியவை என்றார். இன்னொரு தொல்லியலாளர் இஸ்ரேல் பிங்கெல்ஸ்டைன் அவற்றைப் பிந்தைய உம்ரி வம்சக் காலத்தவை என்றார். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. எருசலேமில் அக்காலத்துப் பெருங்கட்டடம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வது எதுவுமில்லை. சாலொமோன் கட்டிய ஆலயம் இருந்ததாகச் சொல்லப்படும் குன்றில் அகழாய்வு செய்ய வழியும் இல்லை.

ஆனாலும் இதை வைத்து "அவர் இல்லவே இல்லை" என்பது அவசரம். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் எருசலேமை ஆண்ட அப்தி ஹெபா எகிப்திய பார்வோனுக்கு அனுப்பிய களிமண் கடிதங்கள் எகிப்தின் அமர்னாவில் கிடைத்திருக்கின்றன. அரசன் உண்டு, எழுத்தர் உண்டு. அதே காலத்து எருசலேமின் மண்ணில் கிடைப்பதோ மிகச் சொற்பம். அந்தக் கடிதங்கள் கிடைத்திராவிட்டால் அவனையும் இல்லை என்றுதான் சொல்லியிருப்போம். ஆகவே தாவீதையும் சாலொமோனையும் மலைநாட்டின் சிறு அரசர்களாக நான் ஏற்கிறேன். பேரரசு என்று சொல்பவர்கள்தான் சான்று காட்ட வேண்டும்.