கேள்வி - பதில்: தைவானின் ஒற்றைக்கைப் பேராசிரியர்

கேள்வி: தைவானின் முதல் நேரடி அதிபர் தேர்தலில் போட்டியிட்ட பெங் மிங்-மின், அதற்கு முன் இருபது ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்காவில் வாழ்ந்தவர் என்று அறிந்தேன். பேராசிரியர் ஒருவர் சொந்த நாட்டிலிருந்து தப்பிச் செல்ல வேண்டிய நிலை ஏன் வந்தது?

பதில்: ஒரு துண்டறிக்கைதான் காரணம், அதுவும் மக்கள் கைக்குப் போய்ச் சேராத துண்டறிக்கை.

தைவான் ஜப்பானின் ஆட்சியில் இருந்த காலத்தில், 1923-இல், ஒரு மருத்துவரின் மகனாகப் பெங் பிறந்தார். டோக்கியோவில் படித்துக்கொண்டிருந்தவர், 1945-இல் நாகசாகிப் பக்கம் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போகும் வழியில், விமானக் குண்டுவீச்சில் சிக்கி இடது கையை இழந்தார். அவர் அந்தப் பகுதியில் தேறிக்கொண்டிருந்தபோதுதான் நாகசாகியின் மீது அணுகுண்டு விழுந்தது. போர் முடிந்து ஊர் திரும்பியவருக்கு அடுத்த அடி 1947-இல் காத்திருந்தது. சீனாவிலிருந்து வந்து ஆட்சியை ஏற்ற கோமிண்டாங் அரசுக்கு எதிராகப் பிப்ரவரி 28-இல் வெடித்த கிளர்ச்சியின்போது, காவ்சியுங் நகரில் ராணுவத் தளபதியிடம் சமரசம் பேசப் போன குழுவில் அவருடைய தந்தையும் இருந்தார். உடன் போனவர்களில் சிலர் சுட்டுக் கொல்லப்பட, தந்தை மனமொடிந்து வீடு திரும்பினார்.

இவ்வளவையும் பார்த்தவர் அப்போதே கலகக்காரராக மாறியிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். பெங் படிப்புக்குள் போனார். கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்திலும் பாரிஸிலும் சர்வதேச வான்வெளிச் சட்டம் பயின்று, தேசியத் தைவான் பல்கலைக்கழகத்தில் இளம் வயதிலேயே பேராசிரியரானார். அதிபர் சியாங் கை-ஷேக் அவரை நேரில் அழைத்துப் பேசினார்; ஐக்கிய நாடுகள் சபைக்குச் சென்ற அரசுக் குழுவில் ஆலோசகர் பொறுப்பு தரப்பட்டது; 1963-இல் சிறந்த பத்து இளைஞர்களில் ஒருவர் என்ற விருதும் கிடைத்தது. மண்ணின் மைந்தர்களும் தங்கள் ஆட்சியில் உயரலாம் என்று உலகுக்குக் காட்ட அந்த அரசுக்கு இப்படி ஒருவர் தேவைப்பட்டார் என்றே நான் கருதுகிறேன்.

விருது வாங்கிய மறு ஆண்டே, தம் மாணவர்களான ஷியே சுங்-மின், வேய் டிங்-சாவ் ஆகிய இருவருடன் சேர்ந்து ஓர் அறிக்கை எழுதினார். கம்யூனிஸ்டுகளிடம் இழந்த சீன நிலப்பரப்பை மீட்போம் என்ற அரசின் முழக்கம் ஒருபோதும் நடக்காதது. எங்கிருந்து வந்தவராயினும் தீவில் வாழும் எல்லோரும் ஒன்றுபட்டுப் புதிய நாட்டை அமைக்க வேண்டும். அரசியலமைப்பைப் புதிதாக எழுதி, ஐ.நா.வில் புதிய உறுப்பினராகச் சேர வேண்டும் என்பதே அதன் சாரம். பத்தாயிரம் படிகள் அச்சாகிக் கட்டுகளாகக் கிடந்த நிலையில், 1964 செப்டம்பர் 20 அன்று மூவரும் கைதானார்கள். பெங்குக்கு எட்டு ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 1965 நவம்பரில் மன்னிப்பு என்ற பெயரில் வெளியே விட்டார்கள். ஆனால் வேலை போய்விட்டது. வீட்டு வாசலில் உளவாளிகள் நின்றார்கள்.

1970 ஜனவரியில் அவர் தப்பினார். தைவானுக்கு வந்த ஜப்பானியர் ஒருவரின் கடவுச்சீட்டில் தம் படத்தை ஒட்டிக்கொண்டு, தாடி வளர்த்து, விமான நிலையத்தின் சோதனையைக் கடந்தார். மாறுவேடத்தில் முகத்தை மாற்றலாம், இல்லாத கையை எப்படி மறைப்பது? நாட்டிலேயே மிக எளிதாக அடையாளம் காணக்கூடிய மனிதர், தம்மைக் காவல் காத்தவர்களின் கண்ணெதிரே ஹாங்காங் வழியாக ஸ்வீடனுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே அடைக்கலம் பெற்று, அதே ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார்.

கேள்வி: வெளிநாட்டில் இருந்துகொண்டு ஜனநாயகம் பேசுவது எளிது. உள்ளே சிறைப்பட்டவர்களுடன் அவரை ஒப்பிடலாமா?

பதில்: ஒப்பிட முடியாது என்பது உண்மை. அவருடைய மாணவர்கள் இருவரும் 1971-இல் மீண்டும் கைதானார்கள். வேய் அதன் பிறகும் ஒருமுறை சிறை சென்றார்.

ஆயினும் எளிது என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் படித்த தைவானியர்களையும் அரசின் உளவாளிகள் வேவு பார்த்தார்கள். பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறினால், பெற்றோர் இறந்தாலும் ஊருக்குப் போக வழியில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் உதவிப் பேராசிரியர் சென் வென்-செங், 1981-இல் குடும்பத்தோடு தைவானுக்கு வந்தபோது ராணுவத் தலைமையகத்தில் விசாரிக்கப்பட்டார். மறுநாள் காலை, பெங் முன்பு பணியாற்றிய அதே பல்கலைக்கழக வளாகத்தில் அவர் பிணமாகக் கிடந்தார்.

பெங்குக்குப் பகை இரு பக்கமும் இருந்தது. தைபேயில் இருந்த தைவான் அரசு அவரைத் தேடப்படும் குற்றவாளி என்றது. பெய்ஜிங்கில் அமெரிக்க அதிபரின் ஆலோசகர் கிஸிஞ்சருடன் பேசிய சீனப் பிரதமர் சௌ என்லாய், இவர் பெயரைச் சொல்லியே தைவான் குறித்த அமெரிக்காவின் நோக்கத்தைச் சந்தேகித்தார். 1982-இல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் தைவானுக்காக வாதாடும் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டபோது, அதன் நிறுவனர்களில் இவரும் ஒருவர்.

கேள்வி: இவ்வளவு பாடுபட்டவரை மக்கள் ஏன் தேர்ந்தெடுக்கவில்லை?

பதில்: ராணுவச் சட்டம் 1987-இல் நீங்கிய பிறகும் ஐந்து ஆண்டுகள் காத்திருந்து, 1992 நவம்பரில்தான் அவர் திரும்பினார். அதற்குள் நாட்டைச் சீர்திருத்தும் வேலையை உள்ளேயிருந்து வேறொருவர் தொடங்கிவிட்டார். 1996 மார்ச் 23 அன்று நடந்த தேர்தலில் ஜனநாயக முற்போக்குக் கட்சியின் வேட்பாளரான பெங்குக்குச் சுமார் 21 விழுக்காடு வாக்குகளே கிடைத்தன. 54 விழுக்காடு பெற்று வென்றவர், அந்தச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய கோமிண்டாங்கின் லீ டெங்-ஹுய். இருவரும் 1923-இல் பிறந்தவர்கள், ஜப்பானில் படித்தவர்கள், இளமையிலிருந்தே நண்பர்கள்.