பாதி முடிந்த ஆய்வோடு டாக்டோரல் கன்சார்ட்டியத்துக்குப் போகலாமா?

கேள்வி: பெங்களூருவில் பிஎச்.டி. மூன்றாம் ஆண்டு. உணவு டெலிவரி செய்பவர்களின் களைப்பை அவர்கள் ஃபோனில் இருக்கும் சென்சார்களை வைத்தே கணிக்கப் பார்க்கிறேன். ஒரு டாக்டோரல் கன்சார்ட்டியத்தில் (ஆய்வு மாணவர்கள் முடியாத ஆய்வை மூத்த ஆய்வாளர்கள் முன் வைத்து யோசனை கேட்கும் அமர்வு) 15 நிமிடம் பேச இடம் கிடைத்திருக்கிறது. மாடலின் துல்லியம் 90 விழுக்காட்டுக்கு மேல் வருகிறது, ஆனால் களப்பணி பாதிதான் முடிந்திருக்கிறது. கைடு நல்ல எண்களை மட்டும் காட்டச் சொல்கிறார். எதைக் காட்டட்டும், எதை விடட்டும்?

தாராளமாகப் போங்கள். வேலை பாதியில் நிற்கும்போது போவதுதான் சரியும்கூட, ஏனென்றால் எல்லாம் முடித்துவிட்டுப் போனால் அங்கே கேட்கும் யோசனையை வைத்து மாற்றுவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. உங்கள் துறையின் பெரிய மாநாடான யுபிகாம்ப்பின் முழுக் கட்டுரைகள் 2017 முதல் ஏசிஎம் என்ற கணினித் துறைச் சங்கத்தின் ஒரு ஜர்னல் வழியாகத்தான் வருகின்றன. முழு வேலையையும் மதிப்பிட அந்த இடம் இருக்கிறது, அதை இந்த 15 நிமிடத்துக்குள் திணிக்காதீர்கள். நீங்கள் இன்னும் முடிவெடுக்காத விஷயத்தை அனுபவசாலிகள் முன் வைப்பதற்குத்தான் கன்சார்ட்டியம்.

முதலில் அந்த 90 விழுக்காடு. டேட்டாவை சில விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று பாதி படியும்படி எடுத்து, அப்புறம் எல்லாவற்றையும் கலக்கிப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்தீர்களா? அப்படியென்றால் ஒரே ஆளின் அடுத்தடுத்த துண்டுகள் இரண்டு பக்கமும் போயிருக்கும், மாடல் களைப்பைப் படித்ததா, அந்த ஆள் வண்டி ஓட்டும் விதத்தைப் படித்ததா என்று உங்களாலேயே சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் ஒரு ஆளை முழுசாக வெளியே நிறுத்தி, அவரிடம் சோதித்துப் பாருங்கள். எண் இறங்கும், பெரும்பாலும் நன்றாகவே இறங்கும். இரண்டு எண்களையும் ஒரே ஸ்லைடில் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். கைடிடம் சொல்லுங்கள்: பேனலில் இருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும், நாமே சொல்லிவிட்டால் மீதி நேரம் நமக்கு.

அதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. ஒரே பையன், ஒரே வண்டி, சில்க் போர்டு சந்திப்பு. மாலை ஏழு மணிக்கு ஊர்ந்து ஊர்ந்து, நிமிடத்துக்கு நாலு பிரேக். இரவு பதினொன்றரைக்கு ரோடு காலி, ஃபோனின் அசைவை அளக்கும் ஆக்சிலரோமீட்டரில் வேறு விதமான ஆட்டம். களைப்பு அதிகம் என்று அவர் சொல்வதும் இரவில்தான். அப்படியானால் மாடல் கண்டுபிடித்தது களைப்பையா, இரவுநேரப் போக்குவரத்தையா? 2008-இல் இதே ஊரில் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியாவின் நெரிசெல் ஆய்வு ஃபோன் சென்சார்களை வைத்துக் குழி, பிரேக், ஹாரன் எல்லாவற்றையும் கண்டுபிடித்துக் காட்டியது. அதாவது ரோடு உங்கள் சிக்னலுக்குள் பலமாக உட்கார்ந்திருக்கிறது. அதே நேரத்தில், அதே வழியில், களைப்பு வேறுபடும் நாட்களை ஒப்பிட உங்களிடம் போதிய டேட்டா இருக்கிறதா என்று இப்போதே எண்ணிப் பாருங்கள். இல்லையென்றால் மீதிக் களப்பணியை எப்படி நடத்துவது என்பதே பேனலிடம் கேட்க அருமையான கேள்வி.

களைப்பு என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதையும் துருவுவார்கள். விழிப்பை அளக்கும் பிவிடி சோதனையின் வழக்கமான வடிவம் 10 நிமிடம் எடுக்கும், இரண்டு ஆர்டருக்கு நடுவில் யார் உட்கார்ந்து அதைச் செய்வார்கள்? கரோலின்ஸ்கா அளவுகோலில் 1 முதல் 9 வரை ஒரு எண்ணைத் தட்டிவிடலாம், சுலபம்தான், ஆனால் அது தூக்கக் கலக்கத்தை அளப்பது. முதுகுவலியோடு மாடி ஏறி வந்தவரின் அசதி அதில் தெரியாது. எதைத் தேர்ந்தீர்கள், ஏன் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பேட்டரியை மிச்சப்படுத்த ஃபோனே உங்கள் ஆப்பை நிறுத்திவிடும் என்பதால், எத்தனை மணிநேர டேட்டா வர வேண்டியது, எத்தனை வந்தது என்பதும் ஒரு வரி.

அப்புறம், இந்தக் களைப்பு எண் நாளைக்கு நிறுவனத்தின் கைக்குப் போனால், களைத்தவருக்கு ஓய்வு கிடைக்குமா, ஆர்டர் நிறுத்தப்படுமா? எதிக்ஸ் கமிட்டி ஒப்புதல் வாங்கியிருந்தாலும் இந்தக் கேள்விக்கு உங்களிடம் சொந்தமாக ஒரு பதில் வேண்டும். அவர்கள் தினக்கூலியைத் தொடும் விஷயம் இது, கடைசி ஸ்லைடில் பேருக்கு ஒரு வரி எழுதிவிட்டுப் போக வேண்டாம்.

ஸ்லைடு விஷயத்தில் ஒன்றுதான். இந்தத் துறைக்கே வித்திட்ட மார்க் வைசரின் 1991 கட்டுரையில் தொடங்காதீர்கள், அந்த அறையில் அது தெரியாதவர் யாரும் இருக்க மாட்டார்கள். நேராகப் பிரச்சினைக்கு வாருங்கள், எட்டு நிமிடத்தில் முடித்துவிட்டு மீதியை அவர்களுக்கு விடுங்கள். "என் ஆய்வு எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். "மீதி இருக்கும் நாட்களில் நிறைய பேரிடம் கொஞ்ச நாளா, கொஞ்சம் பேரிடம் நிறைய நாளா?" என்று கேளுங்கள், அறையே இரண்டாகப் பிரிந்து பேசும். ஒத்திகை பார்க்க வேண்டுமென்றால் ஜனவரியில் பெங்களூருவிலேயே நடக்கும் காம்ஸ்நெட்ஸ் என்ற கணினி நெட்வொர்க் மாநாட்டில் ஆய்வு மாணவர்களுக்கென்றே ஓர் அமர்வு உண்டு, நாள் ஒத்துவந்தால் விண்ணப்பியுங்கள்.

பேசும்போது குறிப்பெடுக்க லேப் தோழி ஒருவரை உட்கார வையுங்கள். சிஸ்டம்ஸ்காரர் சென்சாரைக் கூட்டச் சொல்வார், மனிதர்கள் கணினியோடு பழகும் விதத்தை ஆராயும் எச்சிஐ-காரர் இருபது பேரிடம் உட்கார்ந்து பேசச் சொல்வார். யார் சொன்னது, அவர் எந்தத் துறை என்பதையும் சேர்த்துக் குறிக்கச் சொல்லுங்கள். அங்கேயே வாதாட வேண்டாம், புரியாததை டீ இடைவேளையில் போய்க் கேளுங்கள். அன்று இரவே கைடுக்கு ஒரு பக்க மெயில்: எதை ஏற்கிறேன், எதை விடுகிறேன், ஏன்.