ஜாவா ஓடும் செல்லுலார் மாட்யூல்: அறுந்த இணைப்பை மீட்பது எப்படி?

சிம் அட்டையைத் தாங்கி, தனக்குள்ளேயே ஒரு ஜாவா நிரலையும் ஓட்டக்கூடிய சிறிய செல்லுலார் மாட்யூல்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் கேள்வி அனுப்பிய வாசகர்களில் பெரும்பாலோர் கேட்டிருப்பது இணைய இணைப்பைப் பற்றியே என்பதால், இம்முறை அக்கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பட்டர்வொர்த் வாசகர்: ஐயா, மீன் குளங்களின் நீர்மட்டத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்வருக்கு அனுப்பும் கருவியை நண்பர்கள் மூவர் சேர்ந்து செய்திருக்கிறோம். டிசி65 மாட்யூலில் ஜாவா நிரல் ஓடுகிறது. இரண்டு மூன்று நாள் நன்றாக வேலை செய்கிறது. பிறகு இணைப்பைத் திறக்கும்போதெல்லாம் பிழை வருகிறது. மின்சாரத்தை நிறுத்திப் போட்டால்தான் சரியாகிறது. பிழை வந்தவுடன் மாட்யூலை நிரலே மறுதொடக்கம் செய்யும்படி எழுதிவிடலாமா?

பதில்: எழுதலாம். ஆனால் மறுதொடக்கம் கடைசிப் படியாக இருக்க வேண்டுமே ஒழிய முதல் படியாக இருக்கக் கூடாது. உங்கள் கடிதத்திலேயே கோளாறின் தடயம் இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் நாளொன்றுக்கு 288 இணைப்புகள். ஒவ்வொன்றும் சரியாக மூடப்படாமல் போயிருந்தால், ஒரே நேரத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சாக்கெட்டுகளை (சர்வரோடு பேசுவதற்கான இணைப்பு முனைகளை) மட்டுமே தாங்கும் அந்த மாட்யூல் முதல் சில மணி நேரத்துக்குள் திணறிப்போயிருக்கும். இரண்டு மூன்று நாள் தாங்குகிறது என்றால், வேலை நல்லபடியாக முடியும்போது எல்லாம் ஒழுங்காக மூடப்படுகின்றன என்றும், நடுவில் பிழை நேரும் அபூர்வமான சமயங்களில் மட்டும் ஏதோ ஒன்று திறந்தபடியே விடப்படுகிறது என்றும் ஊகிக்கலாம். எனவே முதலில் பார்க்க வேண்டியது உங்கள் நிரலில் பிழையைக் கையாளும் பகுதியைத்தான்.

சிறிய கருவிகளுக்கான இந்த ஜாவாவில் பலரும் கவனிக்காத விதி ஒன்று உண்டு. இணைப்பை மட்டும் மூடினால் சாக்கெட் விடுபடுவதில்லை. அதிலிருந்து பெற்ற உள்வரும் ஸ்ட்ரீம், வெளிச்செல்லும் ஸ்ட்ரீம் ஆகிய தரவு ஓடும் வழிகள் இரண்டும் மூடப்பட்ட பிறகுதான் அது முழுமையாக விடுவிக்கப்படுகிறது. மூன்றையும், பிழை வந்தாலும் வராவிட்டாலும் கடைசியில் நிறைவேறும் ‘ஃபைனலி’ பகுதியில் மூடுங்கள். அதிலும் ஒவ்வொன்றையும் அதற்கெனத் தனியான ‘ட்ரை’ (பிழை வந்தால் பிடித்துக்கொள்ளும்) பகுதிக்குள் வைத்து மூடுங்கள். மூன்று ‘க்ளோஸ்’ வரிகளையும் ஒரே பகுதியில் எழுதியிருந்தால், முதல் வரியே பிழை எறியும்போது மற்ற இரண்டும் நிறைவேறாமல் போய்விடும். கோலாலம்பூரில் நான் வேலை பார்த்த ஒரு பணியில் இதே தவற்றைச் செய்துவிட்டு, சிம் அட்டையையும் ஆண்டெனாவையும் மாற்றி மாற்றிப் பார்த்து மூன்று வாரத்தை இழந்தேன். கோளாறு கடைசியில் மூன்று வரிகளில் இருந்தது.

அடுத்ததாக, இணைப்பைத் திறக்கத் தரும் முகவரிச் சரத்தைப் பாருங்கள். அணுகுமுனைப் பெயர் (தொலைத்தொடர்பு நிறுவனத்தின் தரவு வாயிலின் பெயர்), பயனர் பெயர், கடவுச்சொல், காலக்கெடு ஆகியவற்றை அந்தச் சரத்திலேயே எழுதலாம், அல்லது எஸ்.ஜே.நெட் என்ற ஏ.டி. கட்டளையால் (மாட்யூலுக்கு நேரடியாகத் தரும் உத்தரவால்) ஒருமுறை பதிந்து வைக்கலாம். ஒரு நேரத்தில் இத்தகைய ஒரு தொகுப்பு மட்டுமே செயலில் இருக்கும் என்பதால், நிரலின் ஓர் இடத்தில் ஒரு விதமாகவும் இன்னோர் இடத்தில் வேறு விதமாகவும் எழுதியிருந்தால் இரண்டாவது இணைப்பு மறுக்கப்படும். சரத்தை ஒரே இடத்தில் மாறிலியாக வைத்து, எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்துங்கள். அதிலுள்ள காலக்கெடு, கடைசி சாக்கெட் மூடப்பட்ட பிறகு தரவுத் தொடர்பை எத்தனை விநாடி விட்டுவைப்பது என்பதைக் குறிக்கிறதே தவிர, சர்வரின் பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதைக் குறிக்கவில்லை. இந்தக் குழப்பத்தைப் பல நிரல்களில் கண்டிருக்கிறேன்.

இவை இரண்டும் சரியாக இருந்தும் இணைப்பு அறுந்தால், எந்தப் படியில் அறுந்தது என்று பார்க்க வேண்டும். மாட்யூல் முதலில் கைத்தொலைபேசிக் கோபுரத்தில் பதிவு செய்கிறது, பிறகு தரவுச் சேவையில் சேர்கிறது, பிறகு ஐ.பி. முகவரி பெறுகிறது, அதன் பிறகே சாக்கெட் திறக்கிறது. ஜாவா நிரலுக்குள் இருந்தே ஏ.டி. கட்டளைகளை அனுப்ப முடியும் என்பது இவ்வகை மாட்யூல்களின் பெரிய வசதி. சி.ஆர்.இ.ஜி. கட்டளைக்கு 1 அல்லது 5 என்று பதில் வந்தால் பதிவு சரி. 2 என்றால் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. 3 என்றால் வலையமைப்பு மறுத்துவிட்டது, அப்போது மறுதொடக்கம் எதையும் தீர்க்காது. சி.ஜி.ஏ.டி.டி. கட்டளைக்கு 1 என்று வந்தால் தரவுச் சேவையிலும் சேர்ந்திருக்கிறது. இரண்டும் சரியாக இருக்கும்போது சாக்கெட் மட்டும் திறக்கவில்லையென்றால் மாட்யூலைத் தொடாதீர்கள். சற்றுப் பொறுத்து மீண்டும் முயலுங்கள். அதுவும் பலமுறை பலனளிக்காவிட்டால் தரவுச் சேவையிலிருந்து விலகி மறுபடி சேருங்கள். அதற்கும் மசியாதபோதுதான் மறுதொடக்கம். அதற்கு முன்பாக, எந்தப் படியில் எந்தப் பிழை வந்தது என்பதை ஃபிளாஷ் நினைவகத்தில் ஒரு வரி எழுதிவையுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் அடுத்த மாதமும் இதே கடிதத்தைத்தான் எனக்கு எழுதுவீர்கள்.

பொறுத்திருப்பதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. 2ஜி வலையமைப்பின் தரவுச் சேவையான ஜிபிஆர்எஸ் தரநிலைப்படி, தரவுச் சேவையில் சேரும் முயற்சி ஐந்து முறை தோற்றால் மாட்யூல் இயல்பாக 12 நிமிடம் ஓய்ந்திருந்துவிட்டே மறுபடி முயலும். நிரல் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மறுதொடக்கம் செய்தால் அந்த ஓய்வு குலைந்து, ஏற்கெனவே திணறும் கோபுரத்தின் மீது உங்கள் கருவி மேலும் சுமையை ஏற்றும். முதல் தோல்விக்குப் பின் 30 விநாடி, பிறகு 1 நிமிடம், பிறகு 2 நிமிடம் என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போய் ஓர் எல்லையில் நிறுத்துங்கள். ஒவ்வோர் இடைவெளியிலும் சில விநாடிகளைத் தற்செயல் எண்ணாகக் கூட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உங்கள் கருவிகள் அனைத்தும் ஒரே நொடியில் கதவைத் தட்டும்.

கிள்ளான் வாசகர்: லாரிகளில் பொருத்திய கருவிகள் சர்வருடன் நிரந்தர இணைப்பு வைத்திருக்கின்றன. லாரி ஓரிடத்தில் நெடுநேரம் நின்றால், சர்வர் பக்கம் ‘இணைப்பில் உள்ளது’ என்றே காட்டுகிறது. ஆனால் நாங்கள் அனுப்பும் கட்டளை கருவிக்குப் போய்ச் சேருவதில்லை. நிரலும் எந்தப் பிழையும் காட்டாமல் அப்படியே நிற்கிறது. எங்கே தவறு?

பதில்: நடுவில் இருக்கும் ஒருவர் உங்கள் இணைப்பை மறந்துவிட்டார், அதை இரு முனைக்கும் சொல்லவும் இல்லை. சாதாரண சிம் அட்டைக்குத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பெரும்பாலும் பொது ஐ.பி. முகவரி தருவதில்லை. 10 என்றோ 100.64 என்றோ தொடங்கும் உள்முகவரிகளைத் தந்து, பலருடைய போக்குவரத்தை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்து, யாருடைய இணைப்பு எது என்பதை ஓர் அட்டவணையில் எழுதி வைத்திருக்கின்றன. எதுவும் பேசாமல் இருக்கும் இணைப்பின் வரியைச் சிறிது நேரத்தில் அந்த அட்டவணை அழித்துவிடும். 2008இல் வெளியான ஆர்.எஃப்.சி. 5382 என்ற இணைய ஆவணம், நிலைபெற்ற டி.சி.பி. இணைப்பின் (தரவு போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்யும் வகை இணைப்பின்) வரியைக் குறைந்தது 2 மணி 4 நிமிடமாவது வைத்திருக்க வேண்டும் என்கிறது. நடைமுறையில் செல்லுலார் வலையமைப்புகள் பலவற்றில் அது சில நிமிடங்களிலேயே அழிந்துவிடுகிறது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று தானே சோதிக்கும் சாக்கெட்டின் ‘கீப்அலைவ்’ வசதியை இயக்கினால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள்; அதன் வழக்கமான இடைவெளியே இரண்டு மணி நேரம் என்பதால் அது வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

ஆகவே இதயத்துடிப்பு போன்ற சிறு செய்தியை உங்கள் நிரலே அனுப்ப வேண்டும். அதற்குச் சர்வர் கட்டாயம் பதில் தர வேண்டும். பதில் இல்லாத துடிப்பால் பயன் பாதிதான்: அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்பது கருவிக்குத் தெரியாது. இடைவெளியைக் கண்டறிய, நீங்கள் பயன்படுத்தும் அதே சிம் அட்டையில் 2, 4, 8, 16 நிமிடம் என்று மௌனமாக இருந்து பார்த்து, எந்த மௌனத்துக்குப் பிறகு சர்வரின் கட்டளை வந்து சேரவில்லை என்று குறித்துக்கொண்டு, அதில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். தரவுச் செலவுக்கு அஞ்ச வேண்டாம். ஒரு பைட் துடிப்பு, ஒரு பைட் பதில், அதற்கான ஒப்புதல் ஆகிய மூன்றும் தலைப்புகளோடு (ஒவ்வொன்றின் முன்னும் சேரும் முகவரி விவரங்களோடு) சேர்ந்து சுமார் 122 பைட்; நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் நாளொன்றுக்கு 360 முறை, மாதத்துக்கு ஏறத்தாழ 1.3 மெகாபைட்.

நிரல் பிழையே காட்டாமல் நிற்பதற்குக் காரணம் ‘ரீட்’ அழைப்பு. தரவு வரும்வரை அது அப்படியே காத்திருக்கும். கணினியின் ஜாவாவில் உள்ளதுபோல அதற்குக் காலக்கெடு வைக்கும் வசதி இங்கே இல்லை. படிப்பதற்கு ஒரு த்ரெட்டும் (நிரலுக்குள் தனியே ஓடும் ஒரு பகுதியும்) காவலுக்கு இன்னொரு த்ரெட்டும் வைத்து, கடைசியாக எப்போது பதில் வந்தது என்பதைக் காவல் த்ரெட் பார்த்துக்கொண்டிருந்து, நேரம் கடந்தால் இணைப்பை அதுவே மூடும்படி செய்யுங்கள். மூடியவுடன் காத்திருக்கும் ‘ரீட்’ பிழையோடு திரும்பிவிடும். உங்கள் நிரலும் விழித்துக்கொள்ளும்.

செராஸ் வாசகர்: கருவியில் உள்ள சிம் அட்டையின் எண்ணுக்கு யாராவது அழைத்தால் தரவு நின்றுவிடுகிறதே, ஏன்?

பதில்: 2ஜி வலையமைப்பில் இவ்வகை மாட்யூல்களால் அழைப்பையும் தரவையும் ஒரே நேரத்தில் கையாள முடியாது, அழைப்பு முடியும் வரை தரவு நிறுத்திவைக்கப்படும், இணைப்பு அறுவதில்லை. உங்கள் கருவிக்குக் குரல் அழைப்பு தேவையே இல்லையென்றால், அச்சேவையை அந்த எண்ணில் முடக்கிவைக்கும்படி நிறுவனத்திடம் கேளுங்கள்.

பினாங்கு வாசகர்: தண்ணீர்மலைக்கு அருகில் ஒரு கருவி வைத்திருக்கிறோம். தைப்பூசத்தன்று சிக்னல் 28 என்று காட்டியது. ஆனாலும் நாள் முழுவதும் தரவு போகவில்லை. மாட்யூல் பழுதா?

பதில்: பழுதில்லை. சி.எஸ்.கியூ. கட்டளை தரும் 28 என்ற எண் மைனஸ் 57 டி.பி.எம். அளவுள்ள வலுவான சிக்னலைக் குறிக்கிறது. அது கோபுரத்தின் குரல் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதைச் சொல்கிறதே தவிர, அந்தக் கோபுரத்தில் உங்களுக்கு இடம் இருக்கிறதா என்பதைச் சொல்வதில்லை. காவடிகளோடும் பால்குடங்களோடும் பெருங்கூட்டம் கூடி, அத்தனை பேரும் கைத்தொலைபேசியில் படம் அனுப்பும் நாளில், ஒரு சிறிய மாட்யூலுக்கு முறை வருவது கடினம். அன்று இணைப்போடு போராடாமல், அளவீடுகளை அவை எடுக்கப்பட்ட நேரத்துடன் ஃபிளாஷில் சேமித்து, நள்ளிரவுக்குப் பின் மொத்தமாக அனுப்பும்படி நிரலை அமையுங்கள். சர்வரும் செய்தி வந்துசேர்ந்த நேரத்தை நம்பாமல் அளவீட்டின் நேரத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நிபோங் திபால் வாசகர்: செம்பனைத் தோட்டத்துக்குள் வைத்த கருவி, இணைப்பைத் திறக்கும் கணத்தில் தானாகவே அணைந்து எழுகிறது. வீட்டில் வைத்தால் அதே நிரல் ஒழுங்காக ஓடுகிறது.

பதில்: நிரலை விட்டுவிட்டு மின்வழங்கலைப் பாருங்கள். கோபுரம் தொலைவில் இருந்தால் மாட்யூல் தன் முழு ஆற்றலோடு ஒலிபரப்பும். 2ஜியில் 577 மைக்ரோ விநாடியே நீளும் ஒவ்வொரு ஒலிபரப்புத் துடிப்பின்போதும் அது சுமார் 2 ஆம்பியர் வரை இழுக்கும். மெல்லிய கம்பி, நீளமான கம்பி, தளர்ந்த மின்கலம் ஆகிய எதுவானாலும் அக்கணத்தில் மின்னழுத்தம் சரிந்து, மாட்யூல் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். சாதாரண மீட்டர் இந்தச் சரிவைக் காட்டாது, அலைக்காட்டியில்தான் தெரியும். மாட்யூலின் மின்முனைக்கு மிக அருகில், உள்தடை குறைந்த பெரிய மின்தேக்கி ஒன்றை வைத்து, கம்பியைக் குறுக்குங்கள்.

பாயான் லெப்பாஸ் வாசகர்: எங்களிடம் பழைய டிசி65 கருவிகளும் இஎச்எஸ்5 கருவிகளும் இருக்கின்றன. இப்போதே மாற்ற வேண்டுமா?

பதில்: மலேசியாவில் 3ஜி சேவை 2021ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்தப்பட்டது. இஎச்எஸ்5 என்பது 3ஜி, 2ஜி இரண்டையும் மட்டுமே அறிந்த மாட்யூல் என்பதால், இன்று அது இங்கே 2ஜியில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வகையில் அதற்கும் உங்கள் டிசி65க்கும் வேறுபாடு மிகக் குறைவு. சர்வரின் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரத்தை முன்பு 3ஜியின் வேகத்துக்கு ஏற்ப வைத்திருந்தால் அதை உடனே கூட்டுங்கள். இல்லையென்றால் நல்ல இணைப்பையே அறுந்ததாக எண்ணி நிரல் மூடிவிடும். புதிதாகச் செய்யும் கருவிகளை 2ஜியை நம்பிச் செய்யாதீர்கள்.

அதே குடும்பத்தில் இஎல்எஸ்61 என்ற 4ஜி மாட்யூலும் ஜாவா நிரலை ஓட்டும். சாக்கெட் திறப்பது, மூடுவது முதலிய பகுதிகளைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துச்செல்லலாம். டிசி65இலிருந்து வரும்போது ஏ.டி. கட்டளைகளுக்கான தொகுப்பின் பெயர் ‘சீமென்ஸ்’ என்பதிலிருந்து ‘சின்டெரியன்’ என்று மாறியிருப்பதால், அந்த வரிகளைத் திருத்தி மறுபடி தொகுக்க வேண்டும். மின்சுற்றுப் பலகையையும் புதிதாக வரைய வேண்டும்: டிசி65 இணைப்பானில் செருகும் வகை, புதியது பலகையிலேயே பற்றவைக்கும் வகை. எல்லாக் கருவிகளையும் ஒரே நாளில் கழற்றாமல், சிக்னல் மிகவும் மோசமான இடத்தில் இருக்கும் இரண்டை முதலில் மாற்றி, ஒரு மாதத்தின் பிழைப் பதிவுகளைப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.