கணவர் தூங்கிவிட்டார், நான் அழுதேன்

கேள்வி: ஞாயிறு திருப்பலியைத் தவறவிடாதவள் நான். ஆனால் சில ஆண்டுகளாக ஜெபம் உதட்டோடு நின்றுவிடுகிறது. தோழி சொன்னதால் ‘டு த வொண்டர்’ படத்தைக் கணவருடன் பார்த்தேன். “இதில் கதை எங்கே?” என்று கேட்டுவிட்டு, அரைமணி நேரத்தில் அவர் தூங்கிவிட்டார். எனக்கோ ஒன்றும் விளங்காமலே அழுகை வந்தது. குறை யாரிடம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாகர்கோவில்

பதில்: கணவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். 2012இல் வெனிஸ் திரைப்பட விழாவில் இப்படம் திரையிடப்பட்டபோது கைதட்டலோடு எதிர்ப்புக் கூச்சலும் எழுந்தது. அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட், 2013 ஏப்ரலில் மறைவதற்கு முன் கடைசியாக எழுதிக் கொடுத்த விமர்சனமும் இதற்குத்தான். அதில் அவர் பாராட்டியே எழுதியிருந்தார்.

கதை இல்லாமல் இல்லை. பிரான்சில் காதலித்த மரீனாவையும் அவள் மகளையும் நீல் ஒக்லஹோமா மாநிலத்தின் பார்ட்டில்ஸ்வில்லுக்கு அழைத்து வருகிறான். விசா முடிந்து அவள் திரும்பிப் போகிறாள். இடையில் நீலின் வாழ்வில் ஒரு பழைய தோழி வருகிறாள். பிறகு மரீனா மீண்டும் வந்து, மணமாகி, மனம் கசந்து பிரிகிறாள். இயக்குநர் டெரன்ஸ் மாலிக் இதை உரையாடலாக அல்லாமல் மனக்குரலாகச் சொல்கிறார். ஒளிப்பதிவாளர் லுபெஸ்கியின் கேமராவும் ஒரு நிகழ்ச்சியின் நடுவில் நுழைந்து, அது முடியுமுன் நகர்ந்துவிடுகிறது. தொடக்கத்தில் பிரான்சின் மோன் சான் மிஷேல் மடத்தின் கீழே, கடல் உள்வாங்கிய ஈரமணல் காதலர்களின் காலடியில் மெத்தைபோல் அமுங்கி எழுவதைக் கவனித்தீர்களா? அவர்கள் எதன்மீது நிற்கிறார்கள் என்பதை அந்த மணலே சொல்லிவிடுகிறது.

நீங்கள் அழுதது, என் ஊகத்தில், காதலர்களுக்காக அல்ல; ஹாவியர் பார்டெம் நடித்த பங்குத்தந்தை கின்டானாவுக்காக. இறைவனின் இருப்பை உணர முடியாத அவர், சிறைவாசிகளையும் நோயாளிகளையும் போதையில் அழிந்தவர்களையும் தேடிப்போய்ப் பார்க்கிறார். அவர்களில் பலர் நடிகர்கள் அல்ல, அவ்வூர் மக்களே. ஒரு மூதாட்டி அவருடைய சோகத்தைக் கண்டுகொண்டு, அவருக்கு மகிழ்ச்சி கிடைக்கத் தாம் ஜெபிப்பதாகச் சொல்கிறார். இன்னொரு காட்சியில் ஆலயப் பணியாளர் ஒருவர் வண்ணக் கண்ணாடிமீது கையை வைத்து, ஒளியின் சூட்டை உணர்வதாகச் சொல்லி, குருவையும் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார். மறைநூல் கற்றவருக்குக் கிட்டாதது, கண்ணாடி துடைப்பவரின் உள்ளங்கைக்குக் கிட்டியிருக்கிறது. இறுதிப் பகுதியில் புனித பாட்ரிக்கின் பெயரால் வழங்கும் பழைய மன்றாட்டைக் கின்டானா முணுமுணுக்க, திரையில் நாம் காண்பதெல்லாம் அவர் சென்ற வீடுகளும் பிடித்த கைகளும்தான். உணர்வு வற்றிய பிறகும் அவர் அன்பின் வேலையை நிறுத்தவில்லை. உணர்வு வற்றியதும் நீல் வாய்மூடி ஒதுங்கிவிடுகிறான். இரு கதைகளையும் மாலிக் அருகருகே வைத்ததற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

படத்திலும் குறை உண்டு. மரீனா புல்வெளியில் சுழன்றாடுவது அலுக்கும் அளவுக்கு வருகிறது; நீலாக நடித்த பென் அஃப்லெக்குக்குப் பேச வாயே கொடுக்கவில்லை; பழைய தோழியின் பகுதி ஒட்டவைத்ததுபோல் நிற்கிறது.

அடுத்த முறை கணவரை முழுப் படத்துக்கும் உட்காரவைக்காதீர்கள். முதலில் நீங்கள் தனியாக, பங்குத்தந்தையை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். பிறகு அந்தக் கண்ணாடிக் காட்சியை மட்டும் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். மிகச் சிறியதுதான், தூக்கம் வருமுன் முடிந்துவிடும்.