சுவர் தடித்த இதயமும் மரத்துப்போகும் கைகளும்

வாசகர் கேள்விகளுக்கு இதயநல மருத்துவர்கள் பதில்

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு வருஷமாக ஏற்றம் ஏறினால் மூச்சு வாங்குகிறது. சாயங்காலமானால் கால் வீங்குகிறது. எக்கோவில் 'பம்பிங் 56%, நார்மல். சுவர் 15 மி.மீ., பிரஷரால் தடிப்பு' என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் பல வருஷம் சாப்பிட்ட பிரஷர் மாத்திரையை, தலைசுற்றுகிறது என்று போன வருஷமே நிறுத்திவிட்டார்கள். இப்போது கோவையில் ஒரு டாக்டர் 'அமிலாய்டு இருக்கிறதா பார்க்கணும்' என்கிறார். வயசும் குளிரும்தான் காரணம் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அந்த டெஸ்ட் அவசியமா?
— வாசகி, கோத்தகிரி

பதில்: அவசியம். தள்ளிப்போடாதீர்கள்.

பம்பிங் நார்மல் என்பதால் இதயம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. உருமாறிய புரதம் நார் நாராக இதயத் தசைக்குள் படிவதுதான் அமிலாய்டு நோய். கஞ்சி போட்ட துணி மாதிரி சுவர் விறைத்துவிடும். விறைத்த அறை விரிந்து கொடுக்காது. உள்ளே வரும் ரத்தமே குறைவு. அதில் பாதிக்கு மேல் வெளியே தள்ளினாலும் சதவீதம் சரியாகத்தான் தெரியும், உடம்புக்குப் போய்ச் சேரும் அளவு குறைந்திருக்கும். உள்ளே இடமில்லாத ரத்தம் பின்னால் தேங்கி நுரையீரலில் மூச்சிரைப்பாகவும் காலில் வீக்கமாகவும் வெளிப்படுகிறது.

நீங்கள் எழுதியதில் எங்களை நிறுத்தியது அந்தப் பிரஷர் மாத்திரைதான். பிரஷரால் சுவர் தடித்தவருக்குப் பிரஷர் தானாக இறங்குவது வழக்கமில்லை. அமிலாய்டில் இறங்கும். ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தம் குறைவு. ரத்தக்குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் நரம்புகளும் பழுதாகலாம். 'பிரஷர் குணமாகிவிட்டது' என்று குடும்பம் சந்தோஷப்படும் இடத்தில்தான் சந்தேகம் வர வேண்டும்.

அடுத்து, பழைய ஈசிஜியை எடுத்து எக்கோ ரிப்போர்ட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். பிரஷரால் தடித்த தசை ஈசிஜியில் உயரமான அலைகளைக் காட்டும். அமிலாய்டில் சுவர் தடிமன் 12 மி.மீ.க்கு மேல் போயிருக்கும், அலை மட்டும் குட்டையாகவோ சாதாரணமாகவோ நிற்கும். படிந்த புரதத்துக்கு மின்சாரம் எழுப்பத் தெரியாது. சிலருக்கு மாரடைப்பே வராமல் வந்த மாதிரி ஈசிஜி காட்டும். அலை குட்டையாக இல்லை என்பதை மட்டும் வைத்து நோய் இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

கைகளைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அப்பாவிடம் கேளுங்கள்: ராத்திரியில் விரல்கள் மரத்து, உதறி உதறி விழித்திருக்கிறாரா? இரண்டு மணிக்கட்டிலும் கார்ப்பல் டன்னல் (மணிக்கட்டில் நரம்பு நசுங்குவது) ஆபரேஷன் நடந்ததா? நீலகிரியில் கை மரத்தால் கொழுந்து பறித்ததாலும் கத்தரி பிடித்ததாலும் என்று சொல்லிவிடுகிறோம். பலருக்கு அது உண்மையும்கூட. ஆனால் 60 தாண்டிய ஆணுக்கு இரண்டு கையிலும் வந்தால், அதே புரதம் மணிக்கட்டில் முதலில் படிந்திருக்கலாம். இதயத் தொந்தரவுக்கு 5 முதல் 10 வருஷம் முன்பே இது வருவதுண்டு. முதுகுத்தண்டு கால்வாய் சுருக்கம், அடிபடாமலே புஜத்துத் தசைநார் அறுந்து மேல்கையில் உருண்டை திரள்வது ஆகியவையும் இதே வரிசை. கைக்கு ஒரு டாக்டர், முதுகுக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர் என்று ஃபைல்கள் பிரிந்து கிடப்பதால்தான் நோய் ஒளிந்துகொள்கிறது. எல்லா ஃபைலையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

காலமெல்லாம் மலையில் நடந்தவருக்கு வழக்கமான ஏற்றம் ஒரு வருஷத்தில் கனத்துப்போனால் அதற்கு உயரமோ குளிரோ காரணமல்ல.

கேள்வி: இதே சந்தேகத்தில் மாமாவுக்கு ஸ்கேன் எழுதியிருக்கிறார்கள். மதுரை போய்வர ஒரு நாள் போய்விடுகிறது. எது முதலில்?
— வாசகர், கொடைக்கானல்

பதில்: ரத்தமும் சிறுநீரும் முதலில். இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. இதயத்தைப் பிடிக்கும் அமிலாய்டு முக்கியமாக இரண்டு வகை. கல்லீரலில் உருவாகும் ட்ரான்ஸ்தைரெட்டின் புரதத்தால் வருவது மெதுவாகப் போகும். எலும்பு மஜ்ஜை செல்கள் உண்டாக்கும் 'லைட் செயின்' என்ற புரதத் துண்டால் வருவது வேகமாகப் போகும். கவனிக்காமல் விட்டால் சில மாதங்களில் உயிருக்கே ஆபத்து. நாக்கு தடித்துப் பல்தடம் பதிவது, கண்ணைச் சுற்றிக் காரணமில்லாமல் ரத்தம் கட்டுவது, சிறுநீர் நுரைப்பது இதன் அடையாளங்கள்.

இந்த லைட் செயின் வகை இருக்கிறதா என்று பார்க்கக் கேட்க வேண்டிய டெஸ்ட்கள் மூன்று: சீரம் ஃப்ரீ லைட் செயின், சீரம் இம்யூனோஃபிக்சேஷன், யூரின் இம்யூனோஃபிக்சேஷன். வெறும் எலக்ட்ரோஃபோரசிஸ் (புரதங்களைப் பிரித்துக் காட்டும் சாதாரண டெஸ்ட்) போதாது, சிறு அளவைத் தவறவிடும். லைட் செயினின் இரண்டு வகைகளான கப்பா, லாம்டா இடையேயான விகிதம் 0.26 முதல் 1.65 வரை நார்மல். சிறுநீரகம் பழுதானவருக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், அதனால் கிரியேட்டினினும் பாருங்கள். இதில் கோளாறு தெரிந்தால் உடனே ரத்தநோய் நிபுணர், பிறகு பயாப்ஸி (சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பது).

மூன்றும் நார்மல் என்றால் பைரோபாஸ்பேட் ஸ்கேன். ஊசியில் ஏற்றும் கதிரியக்க மருந்து, ட்ரான்ஸ்தைரெட்டின் படிந்த இதயத் தசையில் ஒட்டிப் படத்தில் ஒளிரும். போகுமுன் போன் செய்து, மருந்து 'டெக்னீசியம் பைரோபாஸ்பேட்'தானா என்று உறுதிப்படுத்துங்கள். சாதாரண எலும்பு ஸ்கேனுக்குப் போடும் எம்.டி.பி. மருந்து இதற்கு நம்பத்தக்கதல்ல. ஊசி போட்டு 1 அல்லது 3 மணி நேரம் கழித்துப் படம் எடுப்பார்கள். 'ஸ்பெக்ட்' என்ற முப்பரிமாணப் படமும் சேர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இதய அறைக்குள் இருக்கும் ரத்தத்தின் ஒளியைத் தசையின் ஒளியென்று எண்ணிவிடலாம். இதயத்தின் ஒளி கிரேடு 2 அல்லது 3 (விலா எலும்பின் ஒளிக்குச் சமம் அல்லது அதிகம்) என்று வந்து, ரத்தமும் சிறுநீரும் சுத்தமாக இருந்தால் பயாப்ஸி இல்லாமலே ட்ரான்ஸ்தைரெட்டின் வகை உறுதி. லைட் செயின் வகையிலும் சிலருக்கு இந்த ஸ்கேன் ஒளிரும். அதனால்தான் ஸ்கேனை மட்டும் நம்பக் கூடாது என்கிறோம்.

கேள்வி: மருந்து இருக்கிறதா? வீட்டில் என்ன செய்யலாம்?
— வாசகர், குன்னூர்

பதில்: இருக்கிறது. ட்ரான்ஸ்தைரெட்டின் வகைக்கு டஃபாமிடிஸ் 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. படிந்ததைக் கரைக்காது, புதிதாகப் படிவதை மட்டுப்படுத்தும். அதனால் சீக்கிரம் தொடங்கினால்தான் பலன். விலை மிக அதிகம். லைட் செயின் வகைக்கு டாராடுமுமாப் சேர்ந்த கீமோ சிகிச்சை.

மூச்சிரைப்புக்கும் வீக்கத்துக்கும் நீர் மாத்திரைதான் கை கொடுக்கும், ஆனால் அளவு மிஞ்சினால் பிரஷர் விழும். தினமும் காலையில், சாப்பிடுமுன் எடை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் டாக்டரைக் கூப்பிடுங்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளத்தைக் குறையுங்கள். பிரஷருக்கும் துடிப்புக்கும் தரும் டில்டியாசெம், வெராபமில் மாத்திரைகள் வேண்டாம். பீட்டா பிளாக்கரும் பலருக்கு ஒத்துக்கொள்ளாது: விறைத்த இதயம் துடிப்பின் எண்ணிக்கையால்தான் ஈடுகட்டுகிறது, அதைக் குறைத்தால் தலைசுற்றும். ஆனால் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். துடிப்பு தாறுமாறானால் ரத்தம் உறையாமலிருக்க மருந்து வேண்டியிருக்கும்.

கேள்வி: பிள்ளைகளுக்கும் வருமா?
— வாசகி, ஊட்டி

பதில்: வயதானால் வரும் ட்ரான்ஸ்தைரெட்டின் வகை பரம்பரையாக வராது, லைட் செயின் வகையும் அப்படித்தான். மரபணுக் கோளாறால் வரும் ட்ரான்ஸ்தைரெட்டின் வகையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த மரபணு கிடைக்க 50% வாய்ப்பு. ட்ரான்ஸ்தைரெட்டின் உறுதியானதும் நோயாளிக்கே ஒரு மரபணு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அதில் மாற்றம் தெரிந்தால் மட்டும் பிள்ளைகளுக்குப் பார்த்தால் போதும்.